பேச்சு போனால் புத்தியும் போய்விட்டதா?



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது எங்களிடம் பலமுறை கேட்கப்பட்ட ஒரு கேள்வியை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். "மேடம், எங்க குழுவுல ஒருத்தங்களுக்கு வாதம் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு. இப்போ ஏதேதோ மாத்திப் பேசுறாங்க. தட்டைக் காட்டினா டம்ளர்னு சொல்றாங்க. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வீட்டுல சொல்றாங்க. அவங்க சேமிப்பை முடிச்சு மகன் கையில குடுத்துடலாமா?"

அவசரப்படாதீர்கள் என்பதுதான் எங்கள் பதில். அவருக்கு வந்திருப்பது பெரும்பாலும் 'அஃபேசியா' என்ற மொழி இழப்பு. மூளையில் மொழிக்கான பகுதி அடிபடுவதால் இது வருகிறது. இதைப் பைத்தியம் என்றோ ஞாபக மறதி என்றோ நினைக்கக் கூடாது. எந்த மாதிரித் தவறு எதனால் வருகிறது என்று தெரிந்தால், அவரிடம் எப்படிப் பேசுவது, அவர் பணத்தையும் உரிமையையும் எப்படிக் காப்பது என்பது நமக்குப் புரியும்.

மூளையில் என்ன நடக்கிறது?

நம் மூளைக்கு இடது, வலது என்று இரண்டு பாதிகள். வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடது பாதியில்தான் இருக்கிறது. அதே இடது பாதிதான் உடம்பின் வலது பக்கத்தையும் இயக்குகிறது. அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களுக்குப் பேச்சும் சேர்ந்து அடிபடுவதை அதிகம் பார்க்கிறோம்.

பெரும்பாலும் காரணம் பக்கவாதம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு வரும், அல்லது குழாய் வெடித்து ரத்தம் கசியும். வண்டியில் விழுந்து தலையில் அடிபடுவது, மூளையில் கட்டி, மூளைக் காய்ச்சல் ஆகியவற்றாலும் அஃபேசியா வரலாம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

இதை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட கதை 1861ல் தொடங்குகிறது. பாரிஸ் நகரத்தில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி இருந்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஒரே சத்தம்தான் அவர் வாயில் வரும். அதனால் எல்லோரும் அவரை 'டான்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் பிறர் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது, சைகையில் பதில் சொன்னார். அவர் இறந்த பிறகு டாக்டர் புரோக்கா மூளையைப் பரிசோதித்தார். இடது பக்கத்தின் முன்பகுதி பழுதாகி இருந்தது. பிறகு 1874ல் ஜெர்மன் டாக்டர் வெர்னிக்கே வேறு ஒரு வகையைப் பற்றி எழுதினார். இதில் நோயாளி தடையில்லாமல் பேசுவார், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் பேசுவதும் சரியாகப் புரியாது. இவர்களுக்கு இடது பக்கத்தின் பின்பகுதி பழுதாகி இருந்தது.

இன்றும் டாக்டர்கள் முதலில் இந்த இரண்டைத்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். பேச்சு திக்கித் திணறி வருகிறதா, சரளமாக ஓடியும் அர்த்தம் இல்லாமல் போகிறதா? இரண்டும் கலந்து, பேச்சும் புரிதலும் சேர்ந்து பாதிக்கப்படுவதும் உண்டு.

ஒரு சொல் வாய்க்கு வருவது எப்படி?

நம் ஊர் வேலையை வைத்தே சொல்கிறோம். பட்டுச் சேலை நெய்ய முதலில் டிசைன் மனசில் இருக்க வேண்டும். அடுத்து, சரியான நிற நூலை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு இழைகள் வரிசை தவறாமல் விழ வேண்டும். ஒரு சொல்லும் இப்படித்தான். முதலில் பொருள், பிறகு அந்தப் பொருளுக்கான சொல், பிறகு அந்தச் சொல்லின் எழுத்துகள் வரிசையாக, கடைசியாக வாய் அசைவு. இதில் எந்த இடத்தில் அறுந்தது என்பதைப் பொறுத்துத் தவறின் வகை மாறும்.

1. பேர் வராமல் நிற்பது: எல்லா வகை அஃபேசியாவிலும் ஏதோ ஒரு அளவில் இது இருக்கும். பொருள் தெரியும், என்ன வேலை செய்யும் என்று தெரியும், பேர் மட்டும் வராது. "அது... அதான்... அந்த இது" என்று நிற்பார்கள். நமக்கும் சில சமயம் பேர் நுனி நாக்கில் நிற்கும். அவர்களுக்கு அது நாள் முழுக்க நடக்கிறது. அடிக்கடி புழங்கும் சொல் சீக்கிரம் வரும், எப்போதாவது சொல்லும் சொல் வர சிரமப்படும்.

2. சுற்றிச் சொல்வது: 'நாடா' என்ற சொல் வராவிட்டால், "இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் ஓடுமே, உள்ளே தார் இருக்குமே" என்பார்கள். இது நல்ல அறிகுறி. பொருளை முழுசாகத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

3. பக்கத்து வீட்டுச் சொல்: தட்டு என்பதற்கு டம்ளர், தம்பிக்கு அண்ணன், மகளுக்கு மருமகள், இட்லிக்கு சாம்பார் என்று வரும். தவறான சொல்தான், ஆனால் அதே இனத்துச் சொல். நிறம் மாறி நூலை எடுத்தது போல. தட்டைப் பார்த்து 'டம்ளர்' என்றவருக்குத் தட்டு எதற்கு என்று தெரியாமல் இல்லை. அதில் சோறு போட்டுக் கொடுத்துப் பாருங்கள், சரியாகச் சாப்பிடுவார்.

4. எழுத்து மாறுவது: தக்காளி 'கத்தாளி' ஆகும். ஜரிகை 'ஜகிரை' ஆகும். சொல் சரி, இழை வரிசை மாறிவிட்டது. சிலர் தவறைத் தாங்களே உணர்ந்து "கத்தா... தத்தா... தக்கா... தக்காளி" என்று ஒவ்வொரு படியாக ஏறிச் சரியான சொல்லைப் பிடித்துவிடுவார்கள். நடுவில் நாம் குறுக்கே விழுந்து சொல்லிக் கொடுத்தால் அந்த ஏற்றம் கலைந்துபோகும்.

5. எந்த மொழியிலும் இல்லாத சொல்: 'பலிந்தோ', 'குரசி' என்கிற மாதிரி அர்த்தமில்லாத சொற்கள் வரும். சிலருக்குப் பேச்சு முழுவதுமே இப்படி ஓடும். தாங்கள் சரியாகப் பேசுவதாகவே அவர்கள் நினைப்பார்கள். நமக்குப் புரியவில்லை என்றால் கோபம் வரும். பேய் பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவது இவர்களைத்தான்.

6. மாட்டிக்கொண்ட சொல்: முதலில் சீப்பைக் காட்டினோம், 'சீப்பு' என்று சரியாகச் சொன்னார். அடுத்து சாவி காட்டினாலும் சீப்பு, பூட்டு காட்டினாலும் சீப்பு. முந்தைய சொல் போகாமல் நிற்கிறது. கொஞ்சம் இடைவெளி விட்டு, பேச்சை மாற்றிப் பிறகு கேட்டால் அது விலகலாம்.

7. இலக்கணம் உதிர்வது: "நேத்து எங்க வீட்டுக்காரர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனார்" என்று சொல்ல நினைப்பவர், "நேத்து... வீட்டுக்காரர்... ஆஸ்பத்திரி" என்று தந்தி அடிப்பது போலச் சொல்வார். தமிழில் ஆணா, பெண்ணா, ஒருவரா, பலரா, மரியாதையா என்பதெல்லாம் வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. அந்த வால் மாறிப்போனால் 'அவ வந்தான்' என்று வரும், 'மாமா வந்தான்' என்றும் வரும். மருமகள் மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்று சண்டை வந்த வீடும் உண்டு. மனசில் மரியாதை இருக்கிறது, வால்தான் மாறிவிட்டது.

8. தானாக வரும் பேச்சு: ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகள், சாமி பாட்டு, ஏன் கெட்ட வார்த்தைகூட, தடையில்லாமல் வரும். "திட்ட மட்டும் நல்லா தெரியுது, மத்ததுக்கு நடிக்கிறாங்க" என்று வீட்டில் சொல்வார்கள். இது நடிப்பு இல்லை. வருஷக் கணக்காகச் சொல்லிச் சொல்லிப் படிந்த பேச்சு வேறு வழியில் வருகிறது. நாமாக யோசித்துச் சொல்லும் பேச்சுக்கு வழி அடைபட்டிருக்கிறது. பத்து வரை எண்ணத் தெரிந்தவருக்கு, ஐந்து ரூபாய் நாணயத்தைக் காட்டினால் 'ஐந்து' என்று சொல்ல வராமல் போகலாம்.

படிப்பதும் எழுதுவதும் மொழிதான். ஆகவே "வாயால வரலைன்னா எழுதிக் காட்டும்மா" என்று பேப்பர் கொடுத்தால் அதிலும் இதே தவறுகள் வரும்.

வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி

காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. அஃபேசியா வந்தால் பெரும்பாலும் இரண்டு மொழியும் சேர்ந்தே பாதிக்கும், சேர்ந்தே திரும்பும். சிலருக்கு ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். தெலுங்கில் கேட்டால் தமிழில் பதில் வருவதும் உண்டு. எந்த மொழியில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் என்ன மொழி என்று கட்டாயம் சொல்லுங்கள். தமிழில் மட்டும் சோதித்தால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் வெளியே வராது.

வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம்

நாக்கு, உதட்டுத் தசை பலவீனத்தால் பேச்சு குழறுவது வேறு. அவர்கள் சரியான சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஒலி தெளிவாக இல்லை. எழுதச் சொன்னால் சரியாக எழுதுவார்கள். வயதான காலத்து மறதி நோய் மெல்ல மெல்ல, மாதங்கள் வருஷங்கள் எடுத்து வரும். பக்கவாதத்தால் வரும் அஃபேசியா ஒரே நாளில், ஒரே மணியில் வந்துவிடும். பேச்சுக் குறை மட்டும் மெதுவாகக் கூடிக்கொண்டே போனால் அது வேறு நோயாக இருக்கலாம், அதையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குழுவில் நாம் என்ன செய்ய வேண்டும்?

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். தார் சுற்றிப் பிழைக்கும் ஒரு உறுப்பினருக்கு வாதம் வந்தது. மூன்று மாதம் கழித்து, அவர் சேமிப்பை எடுத்துக் கணக்கை முடிக்க வீட்டில் கேட்டார்கள். குழுவில் அவரிடம், "உங்க சேமிப்பு எவ்வளவு?" என்று கேட்டார்கள். 'நூறு' என்றார். "எத்தனை பிள்ளைங்க?" அதற்கும் 'நூறு'. "பார்த்தீங்களா, ஒண்ணும் தெரியலை" என்று தீர்மானம் எழுதப் போனார்கள். ஊக்குநர் மட்டும் நிறுத்தினார். அவருடைய பாஸ்புக்கையும் வேறு இருவருடைய பாஸ்புக்கையும் கலந்து முன்னால் வைத்தார். அந்த அம்மா தன்னுடையதை எடுத்தார், கடைசி வரியில் இருந்த தொகையின் மேல் விரலை வைத்தார். "இதை எடுத்துடலாமா?" என்று கேட்டபோது பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தார். தீர்மானம் எழுதப்படவில்லை. அவர் இன்றும் அந்தக் குழுவின் உறுப்பினர்.

'நூறு' என்பது மாட்டிக்கொண்ட சொல். அதைக் கேட்டு ஒரு பெண்ணின் சேமிப்பையும் வாக்கையும் எடுத்துவிட இருந்தோம். ஆகவே கீழே உள்ளவற்றைக் கடைப்பிடிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

• ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். காது நன்றாகக் கேட்கிறது, கத்த வேண்டாம்.

• கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள்.

• ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேளுங்கள். ஆனால் சிலருக்கு ஆமாமும் இல்லையும் மாறி வரும். அதனால் அதே கேள்வியைத் திருப்பிப் போட்டும் கேளுங்கள். "பணத்தை எடுக்கலாமா?" என்று கேட்ட பிறகு, "பணம் குழுவுலேயே இருக்கட்டுமா?" என்றும் கேளுங்கள். இரண்டு பதிலும் பொருந்தினால்தான் அது அவர் முடிவு.

• ரூபாய் நோட்டு, பாஸ்புக், போட்டோ, காலண்டர் ஆகியவற்றைக் காட்டிக் கேளுங்கள்.

• வலது கை விழுந்ததால் கையெழுத்து மாறும். இடது கைக்குப் பழக அவகாசம் கொடுங்கள். நோயால் கையெழுத்துப் போட முடியாத கணக்குதாரரின் கைரேகையை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ஏற்க ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் உண்டு. சாட்சிகளில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும்.

• கைரேகை வாங்கியதாலேயே சம்மதம் ஆகிவிடாது. எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிதலே பாதித்தவர்கள் விஷயத்தில் நாமாகவும் முடிவெடுக்கக் கூடாது, வீட்டார் சொல்லையும் அப்படியே ஏற்கக் கூடாது. டாக்டரின் கருத்தைக் கேட்டு, கூட்டமைப்பில் பேசி முடிவெடுப்போம்.

பேச்சு திரும்புமா?

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். "ஆறு மாசம் ஆச்சு, இனி வராது" என்று விட்டுவிடாதீர்கள். சுவீடன் நாட்டுக் கவிஞர் தூமாஸ் திரான்ஸ்திரோமருக்கு 1990ல் வாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போனது. அதற்குப் பிறகும் கவிதைப் புத்தகம் வெளியிட்டார், இடது கையால் பியானோ வாசித்தார். 2011ல் நோபல் பரிசு பெற்றார்.

பேச்சுப் பயிற்சியாளர்கள் இதற்கென்றே படித்தவர்கள். சென்னையில் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் 2005ல் முட்டுக்காட்டில் தொடங்கப்பட்டது. அங்கும் பேச்சுப் பயிற்சித் துறை உண்டு. அவர்கள் சொல்லும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். சில எளிய வழிகள்:

சொல் வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். "த... தக்..." என்றால் தக்காளி வந்துவிடும். அல்லது வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள்: "கோயில் இட்லியை வேக வைக்கிறது மந்தாரை..." என்று நிறுத்தினால் 'இலை' என்று அவரே முடிப்பார். அல்லது பொருளைப் பற்றிக் கேளுங்கள்: எங்கே இருக்கும், எதற்குப் பயன்படும், என்ன நிறம்? பொருளைச் சுற்றி வந்தால் பேர் சில சமயம் தானே வந்து விழும். பாட்டுப் போல ராகம் போட்டுச் சொல்ல வைப்பதும் ஒரு முறை, 1970களில் அமெரிக்காவில் உருவாக்கியது. வீட்டுப் போட்டோக்களை வைத்துப் பேர் சொல்ல வையுங்கள். 2019ல் அத்தி வரதரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களோடு எடுத்த போட்டோ நம்மில் பலர் வீட்டில் இருக்கும், அதுவே போதும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம். களைப்பாக இருக்கும்போது வேண்டாம். பேத்தி எதிரில் பரீட்சை வைப்பது போலக் கேட்டு அவமானப்படுத்தவும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்தது. அதில் 21 வகைக் குறைபாடுகள் சொல்லப்பட்டுள்ளன. பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு அதில் ஒன்று, அஃபேசியாவால் வரும் நிரந்தரக் குறை அங்கே பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. கை கால் குறைக்கு மட்டும்தான் சான்று கிடைக்கும் என்று நினைத்துப் பலர் பேச்சைக் குறிப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது பேச்சுக் குறையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரும்முன் காப்போம்

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா, மாறி வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108க்குப் போன் போடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் போட முடியும் என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து டாக்டரிடம் சொல்லுங்கள். வாயில் தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரை ஏறும். புறா ரத்தம் பூசுவது, எண்ணெய் தேய்ப்பது என்று அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பேச்சு மாறி பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அது பெரிய வாதத்துக்கு முன்னறிவிப்பு.

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பவர்கள் மாத்திரையை நடுவில் நிறுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வாதம் வந்தவர்களுக்கு வீட்டில் வந்து பிசியோதெரபியும் செய்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படியுங்கள். உங்கள் குழுவில் வாதம் வந்து கூட்டத்துக்கு வராமல் இருப்பவர் யார் என்று வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். இரண்டு பேர் போய்ப் பார்த்து, கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் பரவாயில்லை, அவர் பேரை வாசித்து, அவர் கையைத் தூக்குவதைப் பார்த்து, 'வந்தார்' என்று எழுதுங்கள்.